தலைக்கவசமும் சக பிரயாணியும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை சைக்கிள்காரர்களின் உடைமையாகிவிடுகிறது. திருவான்மியூர்ப் பக்கமிருந்தும், அக்கரையிலிருந்தும் சிறு சிறு கூட்டங்களாகப் புறப்படும் அவர்கள், உத்தண்டிச் சுங்கச்சாவடியைக் கடந்து, முட்டுக்காட்டுப் பாலத்தில் சற்று நின்று காற்று வாங்கி, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று ஊர்களை ஒவ்வொன்றாகப் பின்னால் விட்டு, வெயில் ஏறுவதற்குள் மாமல்லபுரத்தின் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள், வங்கி அதிகாரிகள், வைத்தியர்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்கள் என்று பல தரப்பட்டவர்களும் அந்தக் கூட்டங்களில் இருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய ‘வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ போன்ற குழுக்கள் இந்த வழக்கத்தை நன்றாக வேரூன்றச் செய்திருக்கின்றன. 2021 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதே சாலையில் சைக்கிள் மிதித்து மாமல்லபுரம் போனதைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் அநேகர் இருப்பார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார்கள் என்பது மனத்துக்கு நிறைவளிக்கும் விஷயம். ஒரு தலைமுறைக்கு முன்பு சைக்கிள்காரர் தலையில் துண்டையோ தொப்பியையோ காணலாமே ஒழியக் கவசத்தைக் காண்பது அபூர்வம். ஆனால் முட்டுக்காட்டுப் பாலத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று, போகிறவர் வருகிறவர் தலைகளைச் சிரத்தையோடு கவனிக்கும் எவருக்கும், அணிந்திருப்பது வேறு, சரியாக அணிந்திருப்பது வேறு என்பது விளங்கிவிடும். ஒருவருக்குக் கவசம் பின்னந்தலைக்குச் சரிந்து, நெற்றி முழுவதும் வெட்டவெளியாக இருக்கிறது. இன்னொருவருக்குத் தாடையடி வார் பூட்டப்படாமல் இரு புறமும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. மற்றொருவர் வாரைப் பூட்டியிருக்கிறார். ஆனால் அது மார்பு வரை தொங்குகிறது. கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, குழுத் தலைவர் கண்ணில் படும்போது மட்டும் எடுத்து வைத்துக்கொள்பவர்களும் இல்லாமல் இல்லை.

இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்லர் என்பதுதான் என் அபிப்பிராயம். பணம் கொடுத்து வாங்கி, விடியலில் எழுந்து, தலையில் வைத்துக்கொண்டு வந்தவர்களை அலட்சியக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது? விஷயம் வேறொன்றில் இருக்கிறது. சைக்கிளில் ஏறுகிறவன் தன் கையைப் பார்க்கலாம், காலைப் பார்க்கலாம், சக்கரத்தில் காற்று இருக்கிறதா, சங்கிலிக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்று குனிந்து பார்க்கலாம், தன் தலையை மட்டும் அவனால் பார்த்துக்கொள்ள முடியாது. வீட்டுக் கண்ணாடியின் முன்னால் நேராக வைத்த கவசம் பத்துக் கிலோமீட்டர் வேர்வையிலும் காற்றிலும் நகர்ந்துபோவதை அவன் அறிய மாட்டான். பின்னால் வருகிறவனும் எதிரே வருகிறவனுமே அறிவார்கள். ஆகையால், தலைக்கவசத்தைச் சரியாக அணிவது என்பது பாதி அணிகிறவனின் காரியம், மீதிப் பாதி அவனுடைய சக பிரயாணியின் காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இரண்டாவது பாதியைப் பற்றி நம்மிடையே அதிகப் பேச்சில்லை.

முதல் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். சைக்கிள் தலைக்கவசத்தின் உள்ளே பிரமாதமான யந்திரம் ஒன்றும் இல்லை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. அதற்குள் சுமார் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு, நாம் தெர்மாகோல் என்று சொல்லும் வெள்ளைப் பொருளின் கெட்டியான ஜாதி. அதற்கும் உள்ளே நெற்றியை உறுத்தாதிருக்கச் சில பஞ்சுத் துண்டுகள். கீழே விழும்போது தலை தார்ச்சாலையில் மோதினால் கபாலம் அந்த க்ஷணத்திலேயே நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் மூளையோ நிற்காமல் முன்னே போய்க் கபாலத்தின் உட்சுவரில் மோதுகிறது. இடையில் தெர்மாகோல் இருந்தால், அது நசுங்கிக் கொடுத்து, அந்த நிறுத்தத்தைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகள் நீட்டிக்கிறது. அந்த அற்பக் காலத்தில்தான் உயிர் தங்குகிறது. ஒரு முறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி நிமிர்வதில்லை. எனவே பலமாக ஒரு தரம் அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1999 முதல் அமலில் இருக்கும் விதியின்படி, கவசத்தை மாட்டிய பொம்மைத் தலையொன்றை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பீடத்தின் மேல் விழச் செய்து பரிசோதிக்கிறார்கள். அந்த வீழ்ச்சியின் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் என்ற கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை ஏறக்குறைய அந்த உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாகத்தான் இருக்கும். நாய் குறுக்கே ஓடியோ, மணலில் சக்கரம் வழுக்கியோ, நின்ற இடத்திலேயே நிலை தவறியோ விழுந்தால்கூடத் தலை தரையைத் தொடும் வேகம் ஏறக்குறைய இதுதான். திருவிடந்தைக்கும் பட்டிபுலத்துக்கும் இடையே, கடற்காற்று வாரி வந்து சாலையோரத்தில் கொட்டும் மெல்லிய மணலை மிதித்துச் சறுக்கியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதே பரிசோதனையில் வாரின் வலிமையைத் தனியே சோதிக்கிறார்கள். கவசத்தை விளிம்பில் பிடித்து இழுத்தால் அது தலையை விட்டுக் கழன்று வருகிறதா என்பதையும் தனியே சோதிக்கிறார்கள். கழன்றுவிட்டால், தெர்மாகோல் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கவசம் தேறாது. தலை தரையில் படுவதற்கு முன்பே உருண்டோடிவிடும் கவசத்தால் என்ன பிரயோஜனம்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஆலிவியர், புருடன்ஸ் கிரைட்டன் என்ற இருவர், விபத்தில் அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கவசம் அணிந்தவர்களுக்குத் தலையில் கடுங்காயம் ஏற்படும் சாத்தியம் 69 சதவிகிதமும், உயிரைப் பறிக்கும் தலைக்காயத்தின் சாத்தியம் 65 சதவிகிதமும் குறைவு என்பது அந்த முடிவு. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், மணிக்கு நூறு கிலோமீட்டரில் பாயும் மோட்டார் காரின் மோதலுக்காக இந்தக் கவசம் செய்யப்பட்டதன்று என்பதையும் மறைக்கலாகாது. அதைத் தடுப்பது சாலையை அமைப்பவர்களின் கடமை, காரை ஓட்டுபவர்களின் கடமை. சைக்கிள்காரன் தலையில் கவசம் இருப்பதைச் சாக்காக வைத்து அந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவக் கூடாது.

சைக்கிள் பந்தயத்தையே ஜீவனமாகக் கொண்டவர்களும் நெடுங்காலம் இதற்கு இணங்கவில்லை. 2003 மார்ச்சில் பிரான்ஸ் தேசத்தில் நடந்த பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் வேறு இரு வீரர்களோடு மோதிக் கீழே விழுந்தார். அவர்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். தலையில் கவசமில்லாதிருந்த கிவிலெவ் எழவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் காலமானார். அந்த ஆண்டு மே மாதம் முதல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து நடத்தும் டிரையத்லான் போட்டியில் இன்னும் கண்டிப்பான நியதி ஒன்று உண்டு: நீரிலிருந்து ஏறி ஓடிவரும் வீரர், நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுக்கும் முன்பே கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிவிட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே வாரைக் கழற்றலாம். ஒவ்வொரு வினாடிக்கும் விலை இருக்கும் இடத்தில்கூட, பூட்டாத கவசத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதையும் அனுமதிப்பதில்லை. நமக்கு அந்த அவசரம் ஏதும் இல்லையே.

சரியாக அணியும் முறை கடினமானதன்று. கவசத்தின் முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் நெற்றி காவலற்றுப் போகும், கீழே இறங்கினால் பார்வை மறையும். பின்னால் இருக்கும் சிறு டயலைத் திருகி, கவசம் தலையைப் பிடிக்குமாறும் வலிக்காதவாறும் இறுக்க வேண்டும். முன் வாரும் பின் வாரும் காதுக்குச் சற்றுக் கீழே சேருமாறு பக்கத்துக் கிளிப்பை நகர்த்த வேண்டும். அநேகர் தொடாமலே விட்டுவிடுவது இந்தக் கிளிப்பைத்தான், கவசம் சரிவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். தாடையடி வாரைப் பூட்டினால் வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரு விரல் நுழையலாம். எல்லாம் முடிந்தபின் வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டும். கவசம் உச்சந்தலையைக் கீழே அழுத்துவது தெரிந்தால் வார் சரி. பிறகு உள்ளங்கையால் முன் விளிம்பை மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். அது பின்னுக்குப் போய் நெற்றி தெரிந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நம் ஊருக்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. வெயிலுக்குப் பயந்து கனத்த தொப்பியின் மேல் கவசத்தை வைப்பவர்கள், அந்தத் தொப்பி கவசத்தைத் தலையிலிருந்து பிரித்து வைக்கிறது என்பதை உணர்வதில்லை. வேர்வை கண்ணில் இறங்காதிருக்க மெல்லிய துணிப்பட்டையே போதும். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டையின் மேல் கவசம் ஒருபோதும் சரியாக உட்காராது. கழுத்தருகே தாழ்வாகப் பின்னிய ஜடைதான் அதற்கு ஒத்துவரும். இந்தக் கடற்கரையின் உப்புக் காற்றும் வேர்வையும் சேர்ந்து வாரை விறைக்கச் செய்வதால் வாரத்துக்கு ஒரு தரமாவது அதை நல்ல தண்ணீரில் அலசுவது நல்லது. கவசத்தைக் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் போட்டு வைப்பதும் கூடாது.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலையளிப்பது குழந்தைகளின் கவசம். செங்கல்பட்டில் ஒரு சைக்கிள் கடையில், பத்து வயதுப் பெண் குழந்தைக்குக் கவசம் வாங்க வந்திருந்த தந்தை ஒருவரைப் பார்த்தேன். குழந்தையின் தலைக்குச் சரியாக இருந்ததை விட்டுவிட்டு, அதைவிட இரண்டு அளவு பெரியதை எடுத்து வைத்து, “வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும்” என்றார். பள்ளிக்கூடப் பாவாடையை மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடும் சிக்கனம் நம் குடும்பங்களில் ஊறிப்போனது. அது உயர்ந்த குணமும்கூட. கடைக்காரர் வயது முதிர்ந்தவர். அந்தச் சிக்கனத்தைக் குறைத்துப் பேசாமல், “நியாயம்தான் சார், பாப்பா கொஞ்சம் தலையை ஆட்டட்டும், பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். குழந்தை தலையை ஆட்டியது. கவசம் ஒரு புறம் சுழன்று, கண்ணை மூடி, காதில் போய் நின்றது. தந்தை ஒன்றும் பேசாமல் சின்னதையே எடுத்துக்கொண்டு, அளவு நாடாவை வாங்கிப் புருவத்துக்கு மேலே குழந்தையின் தலையைச் சுற்றித் தாமே ஒரு தரம் அளந்து பார்த்தார்.

அந்தக் கடைக்காரர் செய்த காரியத்தில் இரண்டாவது பாதியின் சாரம் முழுவதும் இருக்கிறது. அவர் தந்தையைத் திருத்தவில்லை. தந்தை தாமே பார்க்கும்படி செய்தார்.

பிறரைத் திருத்துவது நமக்குப் புதிதன்று. தவறு கண்ட இடத்தில் இடித்துரைப்பதை நட்பின் இலக்கணமாகவே நம் முன்னோர் வகுத்தார்கள். இன்சொல்லையும் அதே அளவுக்கு வற்புறுத்தினார்கள். ஆனால் சாலையில் இரண்டும் ஒன்றாகச் சேர்வதைக் காண்பது அரிது. ஒன்று, பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுகிறோம். “நமக்கேன் வம்பு” என்ற மனோபாவம். அல்லது, எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லிவிடுகிறோம். முதன்முறையாகக் குழுவோடு வந்திருந்த ஒரு பெண்மணியிடம், கிளம்பும் இடத்தில் நாற்பது பேர் பார்த்திருக்க, “மேடம், ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க!” என்று ஒருவர் கூவியதை நான் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது உண்மை. கவசத்தின் பின்புறம் முன்னால்தான் இருந்தது. பலர் சிரித்தார்கள். அந்த அம்மையார் முகம் சிவக்க அதைத் திருப்பி வைத்துக்கொண்டு அன்றைக்கு மாமல்லபுரம் வரை வந்தார். அதன் பிறகு அந்தக் குழுவில் அவரை நான் காணவில்லை. கவசத்தைச் சரிசெய்து ஆளை இழப்பதில் என்ன லாபம்?

ஓடும் சைக்கிளில் சொல்வது இன்னும் அபாயகரமானது. பக்கத்தில் மிதித்துக்கொண்டே, “உங்க ஸ்ட்ராப் தொங்குது” என்று சொன்னால், கேட்டவர் உடனே ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தாடைக்குக் கொண்டுபோவார். கண் சாலையை விட்டு அகலும். அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரி பஸ் ஒன்று அவருடைய தோளை உரசினாற்போலக் கடந்து போகும். உடனே சொல்லியாக வேண்டிய அவசியம் ஒன்றே ஒன்றுதான்: வார் அவிழ்ந்து கவசம் கழன்று விழும் நிலையிலோ, கவசம் கண்ணை மறைக்கும் நிலையிலோ இருந்தால், “கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க” என்று சொல்லலாம், அதற்கு மேல் விவரம் வேண்டாம். மற்றவை பாலம், டீக்கடை, சுங்கச்சாவடி வரை காத்திருக்கும்.

கோவளம் முனையில் ஒரு டீக்கடை. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், கல்லூரி மாணவர் போலிருந்த ஓர் இளைஞருக்குப் பக்கத்தில் கண்ணாடித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். இளைஞரின் கவசம் பிடரியில் கிடந்தது. வாரின் இரு முனைகளும் டீயில் தோயாத குறை. பெரியவர் முதலில் சைக்கிளைப் பற்றிக் கேட்டார். எங்கே வாங்கினது, கியர் எப்படி மாறுகிறது என்று பேச்சு கொஞ்ச நேரம் போயிற்று. எழுந்திருக்கும்போது தம் கவசத்தைத் தலையில் வைத்து வாரைப் பூட்டிக்கொண்டு, “தம்பி, எனக்கு நேரா உட்கார்ந்திருக்கா, கொஞ்சம் பாருங்க. நம்ம தலை நமக்கே தெரியாது பாருங்க” என்றார். இளைஞர் உற்றுப் பார்த்து, “இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு சார்” என்றார். பெரியவர் சரிசெய்துகொண்டு நன்றி சொன்னார். இளைஞரின் கை தானாகவே தம் பிடரிக்குப் போயிற்று. “எனக்கும் பாருங்க சார்” என்றார். “தொடலாமா?” என்று கேட்டுவிட்டு, பெரியவர் அந்தப் பக்கத்துக் கிளிப்பைத் தள்ளி, டயலை இரண்டு சுற்றுத் திருகி, “இப்ப வாயை நல்லாத் திறங்க” என்றார். இளைஞர் திறந்தார்; கவசம் தலையை அழுத்தியது; “ஓ, இதுக்குத்தானா!” என்று வியந்தார். அவ்வளவுதான் நடந்தது. அவரைவிட நாற்பது வயது மூத்தவர், அறிவுரை சொல்லும் சகல உரிமையும் உடையவர், அந்த உரிமையை உபயோகிக்காமல் உதவி கேட்டார்.

“தொடலாமா” என்று கேட்டாரே, அது சிறிய விஷயமன்று. நம் வழக்கத்தில் தலையைத் தொடுவது ஆசீர்வதிக்கும் பெரியவர்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடும் தாய்க்கும் உரியது. கழுத்தையும் தாடையையும் தொடுவது அதைவிட நெருக்கமானது. பெண்ணின் வாரை ஆண் சரிசெய்யக் கை நீட்டுவதைவிட, தம் கவசத்திலேயே எப்படியென்று செய்து காட்டுவதோ, குழுவில் இருக்கும் இன்னொரு பெண்ணிடம் “அக்கா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று சொல்வதோதான் மரியாதை. மூத்தவரிடம் இளையவர் சொல்ல நேர்ந்தால், “சார், உங்க டயல் தளர்ந்திருக்கிற மாதிரி இருக்கு, பார்க்கட்டுமா?” என்று பழியைத் தலையின் மேல் போடாமல் டயலின் மேல் போடலாம், டயல் தளர்வது இயல்புதானே. குழந்தையோடு வரும் தந்தையை அந்தக் குழந்தையின் முன்னால் திருத்த வேண்டாம். குழந்தையின் வார் சரியாக இருந்தால் அதை மனமாரப் பாராட்டினால் போதும். தந்தையின் கை தம் தாடைக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சொல்லுகிறவரின் கவசம் சரியாக இருப்பது. வார் தொங்க நின்றுகொண்டு பிறர் வாரைப் பற்றிப் பேசுகிறவரின் சொல் எடுபடாது. சொல்லப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. “இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?” என்ற பதில் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். சொன்னவர் தம் நேரத்தையும், சங்கடப்படும் அபாயத்தையும் நமக்காக ஏற்றுக்கொண்டார் என்பதை எண்ணி, நின்று, பூட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. அவர் சொன்னது பிசகாகவே இருந்தாலும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வதால் நஷ்டமில்லை.

இத்தனை பிரயாசை எதற்கு, சட்டம் ஒன்று போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உரியது. மிதிவண்டியை அது தொடுவதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இரு சக்கர மோட்டார் வாகனக்காரர்களுக்குத் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டதும், கவசங்கள் கடைக்கு வந்த வேகத்தில் விற்றுப் போனதும் பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தச் சட்டப் பிரிவே, வாரால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருப்பதைத்தான் பாதுகாப்புத் தலையணி என்று வரையறுக்கிறது; பூட்டாத கவசம் சட்டத்தின் கண்ணில் கவசமே அன்று. இருந்தும் செங்கல்பட்டு புது பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால், முழங்கையில் மாட்டிய கவசங்களையும், போலீஸ்காரரின் தொப்பி தெரிந்ததும் தலைக்கு ஏறுகிற கவசங்களையும் காணலாம். பயத்தினால் அணிகிறவன் பயம் இருக்கும் இடம் வரைக்கும்தான் அணிவான்.

உலகத்திலேயே முதன்முதலாக 1990 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் சைக்கிளுக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அணிவோர் விகிதம் ஓராண்டுக்குள் 31-லிருந்து 75 சதவிகிதமாக உயர்ந்தது. ஆனால் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. நம் பிரதேசத்துக்கு அந்த வழி ஒவ்வாது என்று நான் கருதுகிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் காலையில் பாருங்கள்: பால் கேனைக் கட்டிக்கொண்டு வருபவர், வயலுக்குப் போகிறவர், உளியையும் மதியச் சாப்பாட்டையும் பின்னால் வைத்துக்கொண்டு கல்பட்டறைக்குப் போகும் சிற்பத் தொழிலாளி. நல்ல கவசம் ஒன்றின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அவரை நிறுத்தி அபராதம் விதிப்பது அநியாயம். வார இறுதியில் பொழுதுபோக்காக மிதிக்கும் நாம் அவரை நிறுத்தி உபதேசம் செய்வதும் ஏறக்குறைய அதே அநியாயம்தான். அவருடைய உயிருக்குக் காவல் வேண்டுமானால், அகலமான சாலையோரமும், அடங்கி ஓடும் லாரியும், கைக்கு எட்டும் விலையில் கவசமும் முதலில் வரட்டும்.

தொடங்க வேண்டிய இடம் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்ட விலையில்லாச் சைக்கிள் திட்டம், தமிழ்நாட்டின் பெருமைக்குரிய திட்டங்களில் ஒன்று. திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும், பிளஸ் ஒன் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் புதுச் சைக்கிள்களோடு வரிசையாக நிற்கும் நாள் அந்தப் பள்ளிகளில் திருவிழாதான். அந்தச் சைக்கிளோடு ஒரு தலைக்கவசமும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். கொடுத்துவிட்டு நின்றுவிடாமல், அன்றைக்கே உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைத்து, ஒருவர் கவசத்தை மற்றவர் பார்த்துச் சொல்லும்படி அரைமணி நேரம் பழக்கினால் போதும். விரல் அளவு, காதடிக் கிளிப், தாடை வார், வாய் திறத்தல் என்ற நான்கையும் அதற்குள் சொல்லிக் கொடுத்துவிடலாம். 1990-களில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். முன்னதாகவே கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்ததால்தான் அந்த இயக்கம் அத்தனை வேகமாகப் பரவியது. இப்போது பள்ளியில் அப்படி எதிரெதிரே நின்று பழகும் பிள்ளைகளுக்கு, நாளைக்கு யாராவது வழியில் நிறுத்தி “உங்க வார் தளர்ந்திருக்கு” என்று சொன்னால் கோபம் வராது. சொல்லவும் கூச்சம் இருக்காது. இதற்கு ஆகும் செலவு சைக்கிளின் விலையில் சிறு பங்குதான். வருகிற ஆண்டு சைக்கிள் கொள்முதலுக்கான டெண்டர் வெளியாகும் முன்பே, பள்ளிக் கல்வித் துறை இதை யோசிக்க வேண்டும்.